ஒரே கூண்டு, ஒரே தீவனம், மூன்று விதமான ரோமக் கோளாறு: வளர்ப்பு எலிகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரே கூண்டில் வளர்ந்த மூன்று ஆண் எலிகளைப் பற்றிய பதிவு இது. வெள்ளையும் சாம்பலும் ஒரே ஈற்றில் பிறந்தவை, வயது 16 மாதம். பழுப்பு எலி பின்னால் வந்து சேர்ந்தது, வயது 7 மாதம். மூன்றில் எதற்கும் கருத்தடை அறுவை செய்யப்படவில்லை. வளர்ப்பவர் அக்கறையுள்ளவர், கூண்டு விசாலமாகவும் சுத்தமாகவும் இருந்தது.

தீவனம் ஒரு விதைக் கலவை. தோல் நீக்கிய சூரியகாந்தி விதை, நிலக்கடலை, உடைத்த மக்காச்சோளம், ஓட்ஸும் கோதுமை அவலும், காய்ந்த பட்டாணி ஆகியவற்றோடு வைட்டமினும் தாதுக்களும் சேர்த்து அழுத்திய பெல்லெட்டுகளும் அதில் இருந்தன. தினமும் மாலையில் 70 கிராம் ஒரே பாத்திரத்தில் போடப்பட்டது. அதற்கு மேல் அவ்வப்போது ரொட்டித் துண்டு, பிஸ்கட்.

மூன்றின் ரோமமும் சில வாரங்களாக மங்கிவருவதைக் கண்ட வளர்ப்பவர் 'சத்துக் குறைவு' என்று முடிவு செய்து, மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையை உடைத்துத் தீவனத்தில் கலந்தார். வாரம் இரு முறை பச்சை முட்டையின் வெள்ளைக்கருவும் கொடுத்தார். மூன்று வாரமாகியும் பளபளப்பு வரவில்லை. வெள்ளை எலியின் முதுகுப் பிசுக்கு கூடியது. சாம்பல் எலியின் தோளில் பொருக்குகள் தோன்றின. அந்த நிலையில்தான் முறையான ஆய்வு தொடங்கியது.

முதல் நாள் கண்டவை

மூன்றையும் தனித்தனியாக எடைபோட்டு, பகல் வெளிச்சத்தில் ரோமத்தை எதிர்த்திசையில் விலக்கிப் பார்த்தபோது, தூரத்திலிருந்து ஒரே மாதிரி தெரிந்த 'மங்கல்' மூன்று வேறு விஷயங்களாகப் பிரிந்தது.

வெள்ளை 690 கிராம். விலா எலும்பு கைக்குத் தட்டுப்படவில்லை. இடுப்புக்கு மேலும் வாலடியிலும் ரோமம் மஞ்சளாகி, பிசுபிசுத்துக் கற்றைகளாக ஒட்டியிருந்தது. தோள்களுக்கு நடுவே தோலில் ஆரஞ்சு நிறச் செதில்கள். அரிப்பு இல்லை. நக்கிச் சுத்தம் செய்ய முயன்றபோது முகம், மார்பு, விலா வரை எட்டியது; பின்முதுகுக்கு வாய் எட்டவில்லை.

சாம்பல் 480 கிராம், சரியான உடற்கட்டு. கழுத்திலும் தோள்களிலும் ரோமம் மெலிந்து, கடுகளவுப் பொருக்குகள் சிதறிக் கிடந்தன. கால் மணி நேரம் கவனித்ததில் பலமுறை பின்னங்காலால் சொறிந்தது. மற்ற இடங்களில் ரோமம் நன்றாகவே இருந்தது.

பழுப்பு 340 கிராம். வளர்ந்த ஆண் எலி பெரும்பாலும் 450 முதல் 550 கிராம் வரை வரும். 7 மாதத்தில் 340 என்பது குறைவுதான். உடல் முழுவதும் ரோமம் வறண்டு, சொரசொரப்பாக, அடிரோமம் குறைந்து தோல் தெரியும்படி இருந்தது. வாலில் உலர்ந்த செதில். அரிப்பில்லை, பொருக்கில்லை.

மூன்றின் வெட்டுப்பற்களும் நேராக, வழக்கமான மஞ்சள் ஆரஞ்சு நிறத்தில் இருந்தன. பல் கோணலான எலி ரோமத்தைச் சீவ முடியாமல் கலைந்துபோகும். அதனால் ரோமப் புகார் எதிலும் வாயைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. கண்ணோரத்திலும் மூக்கிலும் சிவப்புக் கசிவு இல்லை. அந்தக் கசிவு ரத்தம் அல்ல; கண்ணுக்குப் பின்னுள்ள ஹார்டேரியன் சுரப்பி சுரக்கும் போர்பைரின் என்ற நிறமி. நோயோ மன அழுத்தமோ இருந்தால் அது வழியும். ஒன்றின் ரோமத்தை மற்றொன்று கடித்துக் கத்தரிக்கும் பழக்கமும் சந்தேகிக்கப்பட்டது. அப்படியானால் ரோமம் வேரோடு போகாமல் ஒரே மட்டமாக வெட்டுண்டு நிற்கும், மீசையும் குட்டையாகும், அடியில் தோல் பழுதில்லாமல் இருக்கும். இங்கே அந்த அடையாளம் இல்லை.

முதல் முடிவு: தீவனத்தைத் தொடாமல் தோலைச் சோதிப்பது

வளர்ப்பவர் அன்றே தீவனத்தை மாற்ற விரும்பினார். வேண்டாம் என்று தீர்மானித்ததற்குக் காரணம் உண்டு. அரிப்பும் தோள் பொருக்கும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மைட் எனப்படும் நுண்ணுண்ணி. புரதம் மிகுந்தால் தோளில் பொருக்கு வரும் என்று எலி வளர்ப்போர் நடுவே ஒரு நம்பிக்கை உண்டு. அதை நம்பிப் புரதத்தைக் குறைத்துக்கொண்டே போகிறவர்களின் எலி சொறிந்துகொண்டேதான் இருக்கும். மருந்தும் தீவன மாற்றமும் ஒன்றாகத் தொடங்கினால் எது பலன் தந்தது என்பதும் புரியாது. பழுப்பு எலி மெலிந்திருந்தாலும் சுறுசுறுப்பாக, பசியோடு இருந்தது; இரண்டு வாரம் பொறுப்பதால் கெடுதல் இல்லை என்று மருத்துவரும் ஒப்புக்கொண்டார். எண்ணெயும் பச்சை முட்டையும் மட்டும் உடனே நிறுத்தப்பட்டன.

கால்நடை மருத்துவர் ஒட்டுநாடாவைத் தோளின் ரோமத்தில் அழுத்தி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். சாம்பல் எலியில் ராட்ஃபோர்டியா என்சிஃபெரா என்ற ரோம உண்ணியும், ரோமத்தின் அடியில் ஒட்டிய அதன் முட்டைகளும் தெரிந்தன. மற்ற இரண்டிலும் ஒன்றும் சிக்கவில்லை. சிக்கவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது. ஆரோக்கியமான எலி சீவிச் சீவி உண்ணிகளைக் குறைவாகவே வைத்திருக்கும். நாடாவில் அவை தப்பிவிடலாம். ஒரே கூண்டு என்பதால் மூன்றுக்கும் சிகிச்சை தரப்பட்டது.

மருந்து செலமெக்டின், பின்கழுத்துத் தோலில் விடும் சொட்டு. அளவை ஒவ்வோர் எலியின் அன்றைய எடைக்கு ஏற்ப மருத்துவர் கணக்கிட்டார். பூனைக்கான ஒரு குப்பியில் எலிக்கு வேண்டியதைப் போலப் பல மடங்கு மருந்து இருக்கும். கண் அளவில் சொட்டு விடுவது ஆபத்து. மருந்து முட்டைகளை அழிக்காது, பிறகு பொரிப்பவற்றையும் பிடிக்க வேண்டும் என்பதால் இரண்டு வார இடைவெளியில் மூன்று தவணை. ஒவ்வொரு தவணை நாளிலும் படுக்கைத் தூள் முழுதும் அகற்றப்பட்டது, துணி ஊஞ்சல்கள் வெந்நீரில் துவைக்கப்பட்டன, சோதித்துச் சுத்தம் செய்ய முடியாத மரக் குடில் ஒன்று எறியப்பட்டது. சாம்பல் எலியின் பின்னங்கால் நகங்களின் கூர்முனை வெட்டப்பட்டது. உண்ணி தொடங்கி வைக்கும் அரிப்பைப் புண்ணாக்குவது இந்த நகங்கள்தான்.

காத்திருந்த இரு வாரத்தில்: பாத்திரத்தில் மிஞ்சியதை எடைபோட்டது

இந்த நிகழ்வில் மிக அதிகம் கற்றுத் தந்த பகுதி இது. தீவனப் பையில் கொழுப்பு 16 சதவீதம் என்று அச்சிட்டிருந்தது. அது பையிலுள்ள கலவையின் கணக்கு. எலி வயிற்றுக்குள் போனதன் கணக்கு அல்ல. உண்மை தெரிய, போட்ட 70 கிராமை முன்கூட்டியே வகைவாரியாகப் பிரித்து எடைபோட்டு, 24 மணி நேரம் கழித்து மிஞ்சியதையும் அதேபோல் பிரித்து எடைபோட வேண்டியிருந்தது. 0.1 கிராம் வரை காட்டும் சிறிய தராசு போதும்.

பாத்திரத்தை மட்டும் பார்த்தால் ஏமாற்றமே. எலிகள் பதுக்கும். ஊஞ்சல் மடிப்பிலும் குடிலின் மூலையிலும் புதைத்து வைத்ததைத் தேடி எடுத்துக் கழிக்காவிட்டால் அவை தின்றதாகவே கணக்கில் ஏறும். அதனால் அளவிடும் நாளுக்கு முன்பே கூண்டின் பழைய பதுக்கல் எல்லாம் காலி செய்யப்பட்டது. பல நாள் அளந்ததன் சராசரி இப்படி வந்தது.

சூரியகாந்தி 10 கிராம், நிலக்கடலை 8 கிராம்: இரண்டும் மிச்சமின்றித் தீர்ந்தன. ஓட்ஸும் கோதுமையும் 10 கிராம், அதுவும் தீர்ந்தது. மக்காச்சோளம் 18 கிராமில் 6 மிஞ்சியது. பட்டாணி 10 கிராமில் 8 மிஞ்சியது. பெல்லெட் 14 கிராமில் 12 மிஞ்சியது.

ஆக, தின்றது 44 கிராம். அதில் 18 கிராம் எண்ணெய் வித்து. இந்த வித்துகளில் பாதி எடை கொழுப்பு என்பதால் உள்ளே போனதில் கொழுப்பு சுமார் 23 சதவீதம் ஆகிறது. வளர்ந்த எலிக்கு 4 முதல் 6 சதவீதம் தாராளம். இன்னொரு பக்கம், கலவையின் வைட்டமினும் தாதுவும் பெரும்பாலும் அந்தப் பெல்லெட்டில்தான் இருக்கின்றன. அதில் ஏழில் ஒரு பங்குதான் தின்னப்பட்டிருந்தது. விதைகள் அந்தக் குறையை ஈடுகட்டுவதில்லை. சூரியகாந்தி விதையில் கால்சியம் பாஸ்பரஸின் எட்டில் ஒரு பங்கு அளவுக்கே இருக்கும். தானியத்திலும் வித்திலும் உள்ள ஃபைடேட் என்ற பொருள், துத்தநாகத்தைப் பிணைத்து உடலில் சேரவிடாமல் செய்யும். துத்தநாகம் குறைந்த எலிக்கு ரோமம் உதிரும், தோல் தடித்துச் செதிலாகும்.

மூன்றும் சேர்ந்து தின்ற கணக்கு இது. யார் எதைத் தின்றது என்பதை இரவுக் காணொளி காட்டியது. தீவனம் போட்ட முதல் பத்து நிமிடத்தில் வெள்ளை எலி எண்ணெய் வித்துகளை வாயில் கவ்வித் தன் குடிலுக்குக் கொண்டுபோனது. சாம்பல் அடுத்து வந்தது. பழுப்பு நெருங்கினால் வெள்ளை பக்கவாட்டில் இடித்துத் தள்ளியது. பழுப்பு பின்னிரவில் வந்து மக்காச்சோளத்தையும் மிஞ்சிய ஓட்ஸையும் தின்றது. மக்காச்சோளப் புரதத்தில் லைசின், டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலங்கள் குறைவு. வளரும் வயதில் அதை முதன்மை உணவாகத் தின்ற எலியிடம் எடையும் ரோமமும் எதிர்பார்க்க முடியாது. ரோமமே புரதம்தான்.

ஒரே பாத்திரம் மூன்று உணவு முறைகளை உண்டாக்கியிருந்தது: ஒன்றுக்குக் கொழுப்பு மிகுதி, ஒன்றுக்குச் சுமாரான கலப்பு, ஒன்றுக்கு வெறும் மாவுச்சத்து.

எண்ணெய் ஏன் பயன்படவில்லை

ரோமம் மங்கினால் எண்ணெய் கொடு என்ற ஆலோசனைக்குப் பின்னால் உண்மையான அறிவியல் உண்டு. 1929இல் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் இணையர் கொழுப்பே இல்லாத உணவில் எலிகளை வளர்த்து, வால் செதிலாகி ரோமம் உதிர்வதைக் காட்டினார்கள். குணமாக்கியது லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் என்பது அடுத்து வந்த பணியில் தெரிந்தது. ஆனால் எலிக்கு வேண்டிய லினோலெயிக் அமிலம் உணவில் 0.6 சதவீதம் மட்டுமே. மேலே கணக்கிட்ட 44 கிராம் உணவில் அது 7, 8 சதவீதம் இருந்தது. மக்காச்சோளமே தின்ற பழுப்பு எலிக்குக்கூட இந்த அமிலம் குறைந்திருக்க வழியில்லை. பஞ்சமில்லாத பொருளை மேலும் ஊற்றியதால் வெள்ளை எலியின் கொழுப்பு ஏறியதுதான் மிச்சம்.

மீன் ஈரல் எண்ணெயில் வேறோர் ஆபத்தும் உண்டு. அதிலுள்ள வைட்டமின் ஏ ஈரலில் தேங்கும். அளவு மீறினால் அதுவே ரோமத்தைக் கெடுத்து எலும்பையும் பலவீனமாக்கும். மீன் எண்ணெய் சீக்கிரம் சிக்குப் பிடிப்பது, அப்போது உணவிலுள்ள வைட்டமின் ஈயையும் அழிக்கும். பச்சை வெள்ளைக்கருவில் அவிடின் என்ற புரதம் பயோட்டின் என்ற வைட்டமினைப் பிணைத்து உடலில் சேரவிடாமல் செய்கிறது. பயோட்டின் குறைந்த எலிக்குக் கண்ணைச் சுற்றி ரோமம் கொட்டி, கண்ணாடி மாட்டியது போல் ஆகும். வாரம் இரு முறை சிறிதளவு கொடுத்ததால் அந்த நிலை வரவில்லை. வேகவைத்தால் அவிடின் செயலிழக்கும். அவித்த முட்டையே கொடுக்கலாம் என்னும்போது பச்சையாகக் கொடுக்கக் காரணமே இல்லை.

இரண்டாம் முடிவு: பெல்லெட்டுக்கு மாற்றம்

இரண்டாம் தவணை மருந்துக்குப் பிறகு, 15ஆம் நாளில் தீவன மாற்றம் தொடங்கியது. பழுப்பு எலிக்குத் துத்தநாகமா, லைசினா, எது குறைந்தது என்று தேடி ஒற்றைச் சத்து மாத்திரை தரும் யோசனை கைவிடப்பட்டது. இப்படிப்பட்ட உணவில் பல சத்துகள் ஒன்றாகக் குறையும். ஒன்றை மட்டும் ஏற்றினால் மற்றொன்றின் சமன் குலையும். கால்சியம் மிகுந்தால் துத்தநாகம் இன்னும் குறைவாகச் சேர்வது ஓர் எடுத்துக்காட்டு. தண்ணீரில் கலக்கும் வைட்டமின் சொட்டும் தவிர்க்கப்பட்டது. வெளிச்சத்தில் வைட்டமின் சிதையும், சுவை மாறினால் எலி தண்ணீரையே குறைத்துவிடும்.

தேர்ந்தெடுத்தது, ஒவ்வொரு துண்டும் ஒரே கலவையாக இருக்கும் கட்டித் தீவனம்: புரதம் 16 சதவீதம், கொழுப்பு 4.5 சதவீதம். பொறுக்கித் தின்ன அதில் வழியில்லை. முதலில் வந்த பையின் தயாரிப்புத் தேதி ஏழு மாதம் பழையதாக இருந்ததால் அது பயன்படுத்தப்படவில்லை. இவ்வகைத் தீவனத்தைத் தயாரித்த ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், குளிர்ந்த உலர்ந்த இடத்தில் மூடி வைக்க வேண்டும்.

தினசரி அளவு: வெள்ளைக்கு 19 கிராம், சாம்பலுக்கு 20, பழுப்புக்கு 20. முதல் நான்கு நாள் காற்பங்கு பெல்லெட், அடுத்த நான்கு நாள் பாதி, பிறகு முக்காற்பங்கு, மாற்றம் தொடங்கிய 13ஆம் நாளில் முழுதும். புது உணவைச் சந்தேகிப்பது எலியின் இயல்பு. எலியால் வாந்தி எடுக்க முடியாது. அதனால்தான் சிறு கடி கடித்து, விளைவைப் பார்த்துத்தான் தின்னும். பட்டினி போட்டுப் பழக்குவது தேவையற்ற வன்மம். வாரத்தில் எடை 5 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் முந்தைய படிக்குத் திரும்புவது என்று விதி வகுக்கப்பட்டது.

பழுப்பு எலி தினமும் மாலையில் ஒரு மணி நேரம் பயணக் கூண்டில் தனியாகத் தன் பங்கைத் தின்றது. வாரம் இரு முறை அவித்த முட்டை அரைத் தேக்கரண்டி. மற்ற இரண்டின் பங்கும் பாத்திரத்தில் போடப்படாமல், கூண்டின் எல்லாத் தட்டுகளிலும் படுக்கைத் தூளில் இறைக்கப்பட்டது. காவல் காக்க ஒரே இடம் இல்லாமல் போனதும் இடித்துத் தள்ளுவது குறைந்தது. கனத்த வெள்ளைக்கு ஏறி இறங்கும் வேலையும் கிடைத்தது. மூன்றுக்கும் காரட், கீரை போன்ற பச்சைக் காய்கறி சிறிதளவு. பிஸ்கட்டும் ரொட்டியும் நின்றன.

நடந்தவை

மாற்றத்தின் முதல் ஆறு நாளில் வெள்ளை எலி பெல்லெட்டைத் தொடவில்லை. எடை 24 கிராம் இறங்கியது. அது 3.5 சதவீதம் என்பதால் படி பின்வாங்கவில்லை. பெல்லெட்டை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கொடுத்ததும் தின்னத் தொடங்கியது. ஊறிய தீவனம் சீக்கிரம் புளித்துப் பூசணம் பிடிக்கும், இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். ஒரு வாரத்தில் உலர்ந்ததையே கடிக்கப் பழகிவிட்டது.

சாம்பல் எலியின் சொறிதல் முதல் தவணை முடிந்த பத்து நாளிலேயே நன்றாகக் குறைந்தது. அப்போது தீவனம் மாறவே இல்லை. மூன்றாம் தவணைக்குப் பின் எடுத்த நாடாச் சோதனையில் உண்ணியோ முட்டையோ இல்லை. ஆறாம் வாரத்தில் தோளில் ரோமம் நிரம்பியிருந்தது. அதே மருந்தைப் பெற்ற மற்ற இரண்டின் ரோமத்தில் முதல் இரு வாரத்தில் எந்த மாற்றமும் இல்லை. அவற்றின் சிக்கல் உண்ணி அல்ல என்பதற்கு இதுவே வலுவான சான்று.

பழுப்பு எலியில் முதலில் மாறியது எடை: தீவனம் மாறிய நான்காம் வாரத்தில் 368 கிராம், பன்னிரண்டாம் வாரத்தில் 412. ரோமம் அதற்குப் பின்னால்தான் வந்தது. ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் ரோமத்தை எந்தத் தீவனமும் திருத்தாது. பழையது உதிர்ந்து புதியது முளைக்கும்போதுதான் உணவு ரோமத்தில் தெரியும். ஆறாம் வாரத்தில் விலாப் பக்கங்களில் அடர்த்தியான புது ரோமம் தோன்றி முதுகை நோக்கி ஏறியது. பத்தாம் வாரத்தில் பழைய சொரசொரப்பு வாலடியில் மட்டும் மிஞ்சியது. 'புதுத் தீவனம் போட்டு இரண்டு வாரமாகியும் பலனில்லை' என்று மீண்டும் மாற்றுவது இதனால்தான் தவறு.

வெள்ளை பன்னிரண்டு வாரத்தில் 690இலிருந்து 615 கிராமுக்கு வந்தது. வாரத்துக்குச் சராசரி ஒரு சதவீதம் அளவுக்கான இந்த இறக்கம் பாதுகாப்பானது. எட்டாம் வாரம் முதல் வாய் பின்முதுகுக்கு எட்டியது. அங்கிருந்த கற்றைப் பிசுக்கு மறைந்தது. அதுவரை வாரம் இரு முறை வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்கப்பட்டது. சோப்பு போட்டுக் குளிப்பாட்டினால் தோல் வறண்டு எண்ணெய்ச் சுரப்பு கூடும் என்பதால் அது தவிர்க்கப்பட்டது.

தோள்களுக்கு நடுவிலுள்ள ஆரஞ்சுச் செதில் மட்டும் போகவில்லை. அது கருத்தடை செய்யாத ஆண் எலிகளுக்கு ஆண் ஹார்மோனால் வரும் சுரப்பு. நோயும் அல்ல, தீவனக் குறையும் அல்ல.

அடுத்த முறை மாற வேண்டியவை

மிச்சத்தைப் பிரித்து எடைபோடுவது கடைசி ஆயுதமாக இருக்கக் கூடாது. விதைக் கலவை கொடுக்கும் எவரும், ரோமம் நன்றாக இருக்கும்போதே, ஒருமுறை செய்து பார்த்திருக்க வேண்டிய வேலை அது. மாத எடைப் பதிவு இருந்திருந்தால் பழுப்பு எலி வளராமல் நின்ற மாதம் எது என்பது தெரிந்திருக்கும். இங்கே அது ஊகமாகவே போயிற்று. ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் வாரம் ஒரு படம் எடுப்பதும் தொடக்கத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும். முதல் இரு வாரத்துக்குப் படங்கள் இல்லாததால் கைக்குறிப்பை மட்டுமே நம்ப வேண்டி வந்தது.

பழுப்பு எலியை அந்த இரு வாரத்திலும் பழைய தீவனத்தையே கொடுத்து, ஆனால் தனியாகத் தின்ன விட்டிருக்கலாம். காரணங்களைப் பிரித்தறிவது அதனால் கெட்டிருக்காது. எலிக்குச் சற்று முன்பே வயிறு நிறைந்திருக்கும்.

வெள்ளைக்குக் கருத்தடை செய்தால் செதில் குறையும் என்றாலும், அந்த வயதிலும் எடையிலும் மயக்க மருந்தின் ஆபத்தைத் தோற்றத்துக்காக ஏற்க வேண்டியதில்லை என்று மருத்துவரும் வளர்ப்பவரும் முடிவு செய்தார்கள். அதன் எடை 580 கிராமைத் தொட்டதும் தீவனம் 20 கிராமாக உயர்த்தப்படும். பழுப்பு எலி 450ஐ எட்டும்வரை தனி உணவு நேரம் தொடர்கிறது.